மாஸ்டர் வீட்டில் மைதா இல்லை

தெருவில் அவளுக்கு ஜிப்பக்கா என்று பேர். பேன்ட், பள்ளிக்கூடப் பை, மழைக்கோட்டு, சோபா உறை என்று எதில் ஜிப் போனாலும் அது அவள் வீட்டு முன்னறைக்குத்தான் வந்து சேரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உதட்டில் கடித்த குண்டூசியோடு, "நாளைக்கு வாங்க" என்பாள். வாயில் ஊசி இருக்கும்போது அதற்குமேல் பேச வராது. ஊசி இல்லாதபோது அவள் பேசினால் எதிரில் நிற்பவருக்குத் தாங்காது.

அவள் புருஷன் பேக்கரி மாஸ்டர். பஸ் திரும்புகிற முனையில் இருக்கும் பேக்கரியில் மீசை முளைத்த காலத்திலிருந்து மாவு பிசைந்தவர். முதலாளி மாறினார், அடுப்பு மாறியது, பெயர்ப்பலகை மாறியது. மாஸ்டர் மட்டும் மாறவில்லை. காலையில் ரொட்டி வாங்க வருகிற ஜனம், "இன்னைக்கு மாஸ்டர் வந்திருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறக்கும். இதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. ஆனால் வீட்டில் அவர் வெந்நீர்கூட வைத்ததில்லை. ஜிப்பக்காவும் இத்தனை வருஷத்தில் ஒரு கேக் சுட்டதில்லை. மாஸ்டரைக் கட்டிக்கொண்டவள் எதற்காகக் கேக் சுட வேண்டும்? முதலாளி எப்போதோ கொடுத்த சின்ன ஓவன் ஒன்று சமையலறை மூலையில் கிடந்தது. அதற்குள் அவள் வெட்டுத் துணிகளை அடைத்து வைத்திருந்தாள்.

மாஸ்டருக்கு இருமல் ஒரு மழைக்காலத்தில் வந்தது. மழை போனது, இருமல் போகவில்லை. பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பேக்கரியில் இருக்கும்போது இழுக்கும், லீவு நாளில் வீட்டில் இருந்தால் அடங்கிவிடும். "அடுப்புச் சூடு" என்றார் மாஸ்டர். "வயசு" என்றார் முதலாளி. ஜிப்பக்கா ரெண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அவரை நெஞ்சு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ரத்தம் எடுத்தார். முழங்கையில் சொட்டுச் சொட்டாக எதையோ வைத்துக் கீறிப் பார்த்தார். எல்லாம் முடிந்து, "உங்களுக்கு ஆகாதது கோதுமை மாவு" என்றார். "அந்தத் தூசி உள்ள போய்ப் போய், இப்ப அதைக் கண்டாலே நுரையீரல் கதவைச் சாத்திக்குது. இனிமே அந்த வேலை வேண்டாம். வீட்டுலயும் அந்த மாவு வேண்டாம். ரொட்டி, பன், கேக்குன்னு சாப்பிடவும் வேண்டாம். அப்புறம் சர்க்கரை. அதுவும் ஏறித்தான் கிடக்கு."

மாஸ்டர் சிரித்தார். "டாக்டரம்மா, நான் பேக்கரி மாஸ்டர்."

"தெரியும். அதனாலதான் வந்திருக்கு."

அன்றோடு மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜிப்பக்காவின் கஷ்டகாலம் அன்றுதான் ஆரம்பித்தது.

உட்கார வேறு இடமே இல்லாதது போல, தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அதே நாற்காலி. அவள் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார். பேன்ட் கொண்டுவருகிற ஆட்களிடம் தன் நுரையீரலைப் பற்றிச் சொன்னார். யாராவது அவசரமாகக் கிளம்பினால், "உக்காருங்க, போகலாம்" என்று அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டார். துணிக்கு அளவு எடுக்கும்போது, "கொஞ்சம் லூசா விடேன், சாப்பிடுற ஆளு" என்று யோசனை சொன்னார். அவருடைய ரொட்டிக்கு அவள் என்றாவது யோசனை சொல்லியிருப்பாளா?

சாப்பாட்டு நேரம் பரவாயில்லை. சோறு, காய் என்று போட்டதைச் சாப்பிட்டுவிடுவார். சாயங்கால டீ நேரம்தான் உயிரை வாங்கியது. சர்க்கரை இல்லாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கோப்பைக்கு யாரோ துரோகம் செய்துவிட்டது போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆறிப் போகுது, குடிங்க."

"எதோட குடிக்கிறது?"

"வாயோட குடிங்க."

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு திடீரென்று அவருக்கு நடைப்பயிற்சியில் ஆர்வம் வந்தது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார் என்று சாயங்காலம் கிளம்பிவிடுவார். மூஞ்சியில் ஒரு களையோடு திரும்புவார், ஆனால் நெஞ்சில் விசில் அடிக்கும். ஜிப்பக்கா துணி துவைக்கப் போடும்போது அவருடைய பேன்ட்டின் காலடி மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். மடிப்புக்குள் என்ன ஒளியும் என்று தையல்காரிக்குத் தெரியாதா. உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடாக மாவு படிந்திருந்தது.

பேன்ட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"சும்மா வாசல்ல நின்னேன்" என்றார்.

"வாசல்ல நின்னா சட்டையில படும். கணுக்கால்ல எப்படிப் படும்? மாவு மூட்டை பக்கத்துல நின்னிருக்கீங்க."

"பையன்களுக்குப் பன் உருட்டத் தெரியலை. காட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான்."

"உருட்டினது மட்டும்தானா, முழுங்கினதுமா?"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. ஜிப்பக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னாலும் கேட்காத, தன் மூச்சு சொன்னாலும் கேட்காத மனுஷனை என்ன செய்வது? அழுகை வந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வந்தது வெறும் எரிச்சல்தான்.

இந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து இறங்கினாள். மாஸ்டரின் தங்கை. ரெண்டு தெரு தள்ளி வீடு. எந்த வியாதிக்கும் அவளிடம் ஒரு வீடியோ உண்டு. வரும்போதே ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாள். பேரீச்சம்பழத்தையும் கடலையையும் அரைத்து உருட்டிய பழுப்பு உருண்டைகள்.

"அண்ணே, அடுப்பே வேண்டாம், சர்க்கரையே வேண்டாம். அப்படியே இயற்கை."

மாஸ்டர் ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"பல்லை விட மாட்டேங்குது" என்றார்.

நாத்தனார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஜிப்பக்காவிடம் திரும்பினாள். "பாருங்க அண்ணி, இதைத் தினம் பத்து செஞ்சு குடுங்க. தேன் ஊத்திக்கலாம். வெள்ளைச் சர்க்கரைதானே கெட்டது. ஒரு கேக் கூடச் சுடலாம். கோதுமைதானே ஆகாது, மைதா போடுங்க."

ஜிப்பக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "மைதா எதுலேர்ந்து வருது?"

"கடையிலேர்ந்து."

"கோதுமையிலேர்ந்து. உங்கண்ணனையே கேளு. பத்து உருண்டையில இருக்கிற பேரீச்சம்பழம் ரத்தத்துல ஏறாதா? தேன் ஏறாதா? பழமா இருந்தாலும் அளவாத்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"நல்லது சொன்னா உங்களுக்குப் பிடிக்காதே அண்ணி" என்று நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். போகும்போது டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போனதும் ஜிப்பக்கா ஓவனுக்குள் இருந்த வெட்டுத் துணிகளையெல்லாம் இழுத்து வெளியே போட்டாள். பாசத்தால் அல்ல. ஒரு பக்கம் திருட்டுப் பன், இன்னொரு பக்கம் பல்லை விடாத உருண்டை, நடுவில் பெருமூச்சு. மூன்றையும் ஒழிக்க வேறு வழி தெரியவில்லை. இந்த மனுஷனுக்கு டீயோடு கடிக்க ஏதாவது ஒன்றைத் தானே செய்து வாயை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

முதலில் செய்தது மக்காச்சோள மாவும் வாழைப்பழமும் போட்ட கேக். வெளியே வந்ததும் மாஸ்டர் அதை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"வீட்டுக்கு இன்னொரு ரூம் கட்டுறதா இருந்தா இன்னும் நாலு செய்" என்றார்.

அடுத்தது அரிசி மாவு. அது எதிர்ப்பக்கமாகப் போனது, கத்தி பட்டதும் மணலாக உதிர்ந்தது. மாஸ்டர் ஸ்பூன் கேட்டார். மூன்றாவது தடவை அவரே எழுந்து வந்துவிட்டார். "தள்ளு" என்று அவளை ஒதுக்கிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கலந்த மாவில் ரெண்டு கையையும் விட்டார்.

ஜிப்பக்கா சுவரில் சாய்ந்து பார்த்தாள். அந்தக் கைகள் அவளுக்குத் தெரிந்தவைதான். ஆனால் அவை வேலை செய்து அவள் அதிகம் பார்த்ததில்லை. அழுத்தினார், மடித்தார், திருப்பினார். மைதாவாக இருந்தால் இந்நேரம் அது இழுபட்டு, வழுவழுவென்று பந்தாகத் திரண்டு, அவர் கைக்குப் பதில் சொல்லியிருக்கும். இது சொல்லவில்லை. சேறு போலக் கையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் பலமாகப் பிசைந்தார். நெற்றியில் வேர்த்தது. அப்படியே நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு உயிரே இல்ல" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது.

ஜிப்பக்கா பக்கத்தில் போய் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவர் அந்தக் கையோடு போய்ப் பீரோவைத் திறந்து துண்டு எடுத்தார், பீரோக் கதவெல்லாம் மாவு. சொல்ல நினைத்தது போய்விட்டது.

நல்ல கேக் வந்தது ஒரு மறதியால்தான். நிலக்கடலையை வறுத்துப் பொடித்து, அரிசி மாவோடு கலந்து, முட்டை அடித்து ஊற்றி, ரெண்டு கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போட்டுக் கலக்கி வைத்திருந்தாள். அந்த நேரம் ஒருத்தி குழந்தையோடு ஓடிவந்தாள். குழந்தையின் ஜாக்கெட் ஜிப் கழுத்துத் துணியைக் கவ்விக்கொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதைப் பிரித்து, குழந்தையைச் சமாதானப்படுத்தி, அம்மாவையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்து பார்த்தால், கலவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கெட்டியாகிச் சேர்ந்திருந்தது. என்னவோ ஆகட்டும் என்று சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஓவனில் வைத்தாள். வெந்ததும் எடுக்க நேரமில்லாமல் கிண்ணத்திலேயே ஆறவிட்டாள்.

கத்திக்கு உதிரவில்லை. மாஸ்டர் ஒன்றைப் பிட்டார். உள்ளே பார்த்தார். மோந்தார். வாயில் போட்டார். டீயைக் குடித்தார். இன்னொரு துண்டு எடுத்தார்.

"எவ்வளவு கடலை போட்ட?"

"ரெண்டு கை."

"கையா? எந்தக் கை? கிராம் சொல்லு."

"என் கை."

"எவ்வளவு நேரம் ஊற வெச்ச?"

"ஒரு ஜிப்பு நேரம்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரும் என்று அவள் நின்றாள். வரவில்லை. "உப்பு கொஞ்சம் போட்டிருக்கணும்" என்பதுதான் வந்தது. மறுநாள் கடைக்குப் போய் ஒரு தராசு வாங்கிக்கொண்டு வந்து சமையல் மேடையில் வைத்தார்.

அதற்கப்புறம் வீட்டில் தினமும் தகராறுதான். அவள் கையால் போட்டால் அவர் மறுபடி அள்ளி நிறுத்துப் பார்ப்பார். அவள் கலக்கினால், "வலப்பக்கமா கலக்கு" என்பார். ஓவன் கதவை அவள் திறந்தால் அவர் மூடுவார். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல் தையல் சாக்பீஸை எடுத்துவந்து மேடையின் நடுவே கோடு போட்டாள். "இந்தப் பக்கம் என்னுது. கோட்டைத் தாண்டினீங்கன்னா கத்திரிக்கோலைத்தான் எடுப்பேன்."

அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் தராசோடு நின்றுகொண்டு, எட்டி எட்டிப் பார்த்து யோசனை சொன்னார்.

அந்த மாதத்தில்தான் வேன் டிரைவர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாட்டசாட்டமான ஆள். அதாவது முன்பு. போன வருஷம் முழுக்க அவர் பேன்ட்டுகளை இடுப்பில் பிடிக்கத்தான் கொண்டுவந்தார். சாப்பிடச் சாப்பிட இளைத்தார். என்ன வியாதி என்றே தெரியாமல் அலைந்து, கடைசியில் கோதுமை அவருடைய குடலுக்கு ஆகாது, ஒரு சிட்டிகை போனாலும் குடல் புண்ணாகும் என்று கண்டுபிடித்தார்கள். அதை நிறுத்தியதிலிருந்து உடம்பு தேறியிருந்தது. இந்தத் தடவை, பிடித்ததைப் பிரித்துவிடச் சொல்லி ஒரு கட்டுப் பேன்ட்டோடு வந்திருந்தார்.

"சாப்பிடுறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல ஜிப்பக்கா. டீக்கடைக்குப் போனா எல்லாரும் எதையாவது கடிக்கிறான். நான் கண்ணாடி ஜாடியப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

அவள் உள்ளே போய் ரெண்டு கிண்ணக் கேக் எடுத்துவந்து கொடுத்தாள். "இதுல கோதுமை இல்ல. சர்க்கரையும் இல்ல. தைரியமா சாப்பிடுங்க."

அவர் ரெண்டையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னொண்ணு இருக்குமா?" என்று கேட்டார். மாஸ்டருடைய பெருமூச்சைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஜிப்பக்காவுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்தது என்று சொல்லி முடியாது. அதன் பிறகு வாரா வாரம் ஒரு பொட்டலம் அவருக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

மாஸ்டருக்கு இது எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். ஊரே தேடி வந்தது அவர் கையை. இப்போது ஒரு ஆள் வந்து வாசலில் நின்று, "ஜிப்பக்கா கேக்" கேட்கிறான். அவளே ஓரத்தில் உதிர்கிறது என்று ஒத்துக்கொள்கிற கேக். அதைச் சரி செய்ய அவருக்கு ஒரே வழிதான் தெரியும். ஒருநாள் ஜிப்பக்கா நூல் வாங்கப் போயிருந்தாள். போகும்போது, "கலந்து வெச்சிருக்கேன், கிண்ணத்துல ஊத்தி வைங்க, வேற ஒண்ணும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

திரும்பி வந்தபோது கேக் தயாராக இருந்தது. ஓரம் உதிரவில்லை. மேலே அழகாக உப்பியிருந்தது. மாஸ்டர் மூச்சு இழுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குழாய். "பக்கத்து வீட்டுல பெருக்கினாங்க, தூசி" என்றார். அவள் அவர் முதுகைத் தடவிவிட்டாள். கேக்கைப் பார்த்து, "இன்னைக்கு நல்லா வந்திருக்கே" என்றுகூடச் சொன்னாள். வேன் டிரைவர் வந்து தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனபோதும் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தெருவில் பிள்ளைகள் பையோடு நின்றார்கள். வேன் வரவில்லை. வேன் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று யாரோ ஒரு அம்மா சொல்லிக்கொண்டு போனாள். ஜிப்பக்கா மெஷினை நிறுத்தினாள். எதிரே நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"என்ன போட்டீங்கன்னு கேட்டேன்."

"ஒரு பிடி. சேர்ந்து நிக்கட்டும்னு, ஒரே ஒரு பிடி."

"எங்க இருந்தது?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். பேக்கரிப் பையன்களிடம் பொட்டலமாக வாங்கி வந்து ஒளித்து வைத்திருந்தாராம். டீயோடு சாப்பிட இல்லை, சும்மா கையில் தொட்டுப் பார்க்க என்றார்.

ஜிப்பக்கா கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கத்தவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக ஊசி மெத்தையில் குத்தினாள். எழுந்து செருப்பைப் போட்டாள்.

"வாங்க."

"எங்க?"

"அந்த ஆள் வீட்டுக்கு. நான் தைரியமா சாப்பிடுங்கன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். இப்ப உங்க வாயால சொல்லுங்க."

வேன் டிரைவர் கட்டிலில் முழங்காலை மடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். மூஞ்சி வெளுத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுத்துக்கங்க" என்றாள் ஜிப்பக்கா.

"வெளியில எங்கயோ சாம்பார் கீம்பார்ல கலந்திருக்கும் போலருக்கு அக்கா. உங்க கேக்கைத் தவிர வேற என்ன சாப்பிட்டேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன்." பிறகு மாஸ்டரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நேத்துக் கேக்கு ரொம்ப நல்லாருந்துச்சு மாஸ்டர். அதான் எல்லாத்தையும் ஒரே மூச்சுல தின்னுட்டேன்."

மாஸ்டர் கட்டில் பக்கம் வந்தார். "நான்தான் மைதா போட்டேன்" என்றார். "அவளுக்குத் தெரியாது. ஒரு பிடி போட்டேன்."

வேன் டிரைவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "சரி, போயிட்டு வாங்க" என்றார். திட்டியிருந்தால் மாஸ்டருக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மாஸ்டர் யாரிடமும் பேசாமல் சமையலறைக்குள் போனார். சட்டைப்பையில் இருந்த பொட்டலத்தை வெளியே கொண்டுபோய்ப் போட்டார். கிண்ணம், கரண்டி, தட்டு என்று எல்லாவற்றையும் எடுத்து வெந்நீரில் கழுவினார். ஓவனைக் கழுவினார். மேடையைக் கழுவினார், சாக்பீஸ் கோடும் போய்விட்டது. மரக்கரண்டியையும் சல்லடையையும், கழுவினாலும் போகாது என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டார். ஜிப்பக்கா ரெண்டு நாளைக்குப் பேசவில்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். பேச்சு இருந்தபோது இல்லாத நிம்மதி அவளுக்கு இப்போதும் இல்லை. உள்ளுக்குள் எல்லாம் கொதித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அவர் வாசற்படியில் நின்று கேட்டார். "அந்தக் கலவை, ஊற வெச்சேன்னியே. எப்படி இருந்தா ஓவன்ல வைக்கணும்?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "கரண்டியத் தூக்கினா உடனே விழக்கூடாது. யோசிச்சு விழணும்."

"யோசிச்சுன்னா?"

"உங்களை மாதிரி இல்லாம."

அவர் போய்க் கலந்து வைத்துப் பார்த்தார். கையை உள்ளே விடவில்லை. கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிசைய ஒன்றும் இல்லாத, காத்திருக்க மட்டுமே வேண்டிய மாவு. அவருக்கு அது லேசில் பழகவில்லை. இடையில் நாலு தடவை வந்து, "விழுது, ஆனா யோசிக்கல" என்று புகார் சொல்லிவிட்டுப் போனார்.

வேன் டிரைவர் மறுபடி வேன் ஓட்ட ஆரம்பித்தும் வெகுநாள் வரவில்லை. பேன்ட்டுகளை ஆள் விட்டு வாங்கிக்கொண்டார். ஜிப்பக்கா எதுவும் கொடுத்தனுப்பவில்லை. ஒருநாள் அவரே வாசலில் வேனை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டார். "இப்ப யார் செய்யிறீங்க?"

"அவர் கலக்குறார். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாள்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கிண்ணம் மட்டும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் ரெண்டு. அவரைப் போலவே கோதுமை ஆகாத இன்னும் சிலர் அவரிடம் கேட்டு வந்தார்கள். சர்க்கரைக்காரர்கள் வந்தார்கள். ஜிப்பக்காவின் முன்னறையில் பேன்ட்டுக்கு வந்தவர் யார், கேக்குக்கு வந்தவர் யார் என்று தெரியாமல் குழப்பமாகிவிட்டது.

கேக்கின் வாசனை பேக்கரி முதலாளிக்கும் எட்டியது. ஒருநாள் வந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணக் கேக்கைச் சுவைத்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"மாஸ்டர், இதை நம்ம கடையில போடுவோம். நீங்க மாவு பக்கமே வர வேண்டாம். பின்னாடி ரூம்ல உக்காந்து இதை மட்டும் பாருங்க. கோதுமை இல்லாததுன்னு ஒரு போர்டு. ஜனம் அள்ளிக்கிட்டுப் போகும்."

ஜிப்பக்கா மாஸ்டரின் மூஞ்சியைப் பார்த்தாள். பேக்கரி என்ற சொல்லைக் கேட்டதும் அதில் ஒரு வெளிச்சம் வந்ததையும் பார்த்தாள். போச்சு, நாளைக்கே கிளம்பிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அங்க காத்துலயே மைதா முதலாளி" என்றார் மாஸ்டர். "மேசையில மைதா, தட்டுல மைதா. அங்க செஞ்சா கோதுமை இல்லாததுன்னு போர்டு வைக்க முடியாது."

"கொஞ்சம் தூசி பட்டா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"திங்கிறவனுக்குத் தெரியும்."

"மாஸ்டர், நீங்க இப்படிப் பேசுற ஆள் இல்லையே."

"ஒரு பிடி போட்டுப் பார்த்துட்டேன் முதலாளி. வேண்டாம்."

முதலாளி ஜிப்பக்காவைப் பார்த்தார், இவள் ஓதிய வேலை என்பது போல. அவள் வாயில் ஊசி இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் முதலாளி இன்னும் சீக்கிரம் எழுந்திருப்பார். அவர் போன பிறகு மாஸ்டர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதுவே அவளுக்குப் பழக்கமில்லாமல் ஒரு மாதிரி இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி டாக்டரம்மாவிடம் போனார்கள். மாஸ்டர் குழாயில் ஊதினார். டாக்டரம்மா தலையை ஆட்டினார். சர்க்கரையும் இறங்கியிருந்தது, ரொம்ப இல்லை, கொஞ்சம்.

"பரவாயில்லையே. வீட்டுலயே ஏதோ கேக் செய்யிறீங்களாமே, இங்க வர்றவங்க சொல்றாங்க. யார் செய்யிறது?"

"நான்தான்" என்றார் மாஸ்டர். பிறகு, ஏதோ தோன்றி, பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். "இவளும் கூடமாட ஒத்தாசை பண்ணுவா."

ஜிப்பக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மாஸ்டர் அடுத்த வாரத்துக்குக் கடலை எவ்வளவு வேண்டும் என்று பேசினார். தராசு சரியாகக் காட்டவில்லை என்றார். இவள் வாயே திறக்கவில்லை.

"ஏன் பேச மாட்டேங்குற?"

"ஒத்தாசை பண்றவளுக்கு என்ன பேச்சு?"

அவருக்குப் புரிய ரெண்டு நிறுத்தம் ஆனது. புரிந்ததும் கழுத்தைச் சொறிந்துகொண்டார். முன் சீட்டில் இருந்தவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"சரி. நாளைக்கு நீ செய். நான் கூடமாட இருக்கேன்."

"நீங்க அந்தப் பக்கமே வராதீங்க" என்றாள் ஜிப்பக்கா. "அதுவே பெரிய ஒத்தாசை."

அவர் சரி என்று தலையாட்டினார். மறுநாள் விடிந்ததும் அவளுக்கு முன்னால் எழுந்து போய்க் கடலையை வறுத்துக்கொண்டிருந்தார். கருகுகிற வாசனையில்தான் அவள் கண் விழித்தாள்.